வாடகை யார் கொடுக்கிறார்கள்? குயர் புத்தகங்களை நான் வாசிக்கிற விதம்

குயர் புத்தகங்களை, அதாவது தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கைகள் போன்றோரின் வாழ்க்கையைப் பேசும் புத்தகங்களை, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம், நாவலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் தன்வரலாறு. அதுவும் தமிழிலேயே எழுதப்பட்டது. புக்கர் வாங்கியதும் அமெரிக்காவில் பேசப்படுவதுமாக ஆங்கிலத்தில் எத்தனையோ இருக்க, பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறாளே என்று சிலர் முகம் வாடும். இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. திருநங்கை எழுத்தாளர்களான ஏ. ரேவதியையும் லிவிங் ஸ்மைல் வித்யாவையும் படித்துவிட்டு நாவலுக்குப் போகிறவர்களுக்கு எது மெய், எது ஜோடனை என்பது சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது.

அடுத்து, கையில் ஒரு பென்சில் வேண்டும். காதல் வரும் இடங்களை விட்டுவிட்டு, காசு வரும் இடங்களில் கோடு போடுங்கள். இந்த வீட்டுக்கு வாடகை யார் கொடுக்கிறார்கள்? ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது? யார் சமைக்கிறார்கள்? யாருக்குத் தெரிந்துவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்? நானும் என் இணையும் திருச்சி கருமண்டபத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரம்மாவைப் பொறுத்தவரை நாங்கள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் தோழிகள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதிக நேரம் யோசித்த விஷயங்கள் அட்வான்ஸ் தொகையும் இரண்டாவது படுக்கையறையும்தான். அதனால், இருவர் சேர்ந்து வாழும் கதையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், எழுதியவர் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பென்சிலோடு ரேவதியிடம் போங்கள். 2004-இல் வந்த ‘உணர்வும் உருவமும்’ அவருடைய சொந்தக் கதை அல்ல. மற்றத் திருநங்கைகளின் வாழ்க்கையைக் கேட்டுத் தொகுத்த நூல். தன் கதையை அதற்குப் பிறகுதான் எழுதினார். அது வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-இல் ஆங்கிலத்தில் வெளிவந்துவிட்டது. தமிழில் ‘வெள்ளை மொழி’யாக அச்சானது அடுத்த ஆண்டுதான். 2019-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்து முகப்பில் பெண் எழுத்தாளர்களின் பெயர்களைத் தாங்கிய பெரிய பதாகை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ பெயர்களோடு நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ரேவதியின் பெயரும் அதில் இருந்தது. இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இலக்கியம் படிக்கிற பலருக்கு இன்னும் இது தெரியவில்லை.

‘வெள்ளை மொழி’யில் காசு இல்லாத பக்கமே கிடையாது. கடை கடையாகக் காசு கேட்கப் போவது, குருவாக ஏற்ற மூத்த திருநங்கைக்குக் கொடுப்பது, பாலியல் தொழிலில் வருவது, பெங்களூரில் திருநங்கைகள் சேர்ந்து வாழும் ஹமாமில் தங்குவது, ஊருக்கு அனுப்புவது, பிறகு ஒரு அமைப்பில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது. அடித்து விரட்டிய வீடு காசு வரும்போது கதவைத் திறப்பதையும், சொத்துப் பேச்சு எழும்போது அதே கதவு சாத்தப்படுவதையும் ரேவதி கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதிகளை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். குடும்பம் ஏற்றுக்கொண்டதா இல்லையா என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது.

வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ 2007-இல் வந்தது. தஞ்சாவூரில் மொழியியல் முதுகலை படித்தவர் புனே ரயில்களில் கைநீட்டுகிற நிலைக்கு வருவதும், பிறகு எப்படியாவது ஒரு வேலையில் உட்கார வேண்டும், தாள்களில் தன் பெயர் சரியாக இருக்க வேண்டும் என்று அலைவதும்தான் புத்தகம். இதைத் தழுவிய கன்னடப் படத்துக்காக சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. படம் பார்த்துவிட்டோம், போதும் என்று நின்றுவிடாதீர்கள். அலுவலகங்களில் அவருக்கு ஏற்படும் அலுப்பும் கோபமும் எழுத்தில்தான் முழுசாக இருக்கின்றன.

இங்கே ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று பாருங்கள். 2008-இல்தான் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் வந்தது. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் நீர்த்துப்போகச் செய்தது, 2013-இல் உச்ச நீதிமன்றம் உயிர்ப்பித்தது, 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி அதே நீதிமன்றம் வயதுவந்தோரின் சம்மத உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. தன் பாலினத்தைத் தானே அடையாளப்படுத்தும் உரிமை 2014 தீர்ப்பில் கிடைத்தது. தன்பாலினத் திருமண உரிமையை 2023-இல் மறுத்துவிட்டார்கள். வித்யா எழுதும்போது இவற்றில் எதுவுமே நடந்திருக்கவில்லை. ஒரு பாத்திரம் ஏன் பயப்படுகிறது, ஏன் பொய் சொல்கிறது என்று எரிச்சல்படுவதற்கு முன் இந்த ஆண்டுகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும்.

கன்னடத்தில் வசுதேந்திராவின் ‘மோகனசாமி’ சிறுகதைகள் வெளியான 2013-ஆம் ஆண்டின் டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவை மீட்டுக் கொடுத்தது. அந்தத் தொகுப்போடுதான் அவர் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படுத்திக்கொண்டார். அந்தத் துணிவைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். எனக்கு முக்கியம் மோகனசாமி தன்னோடு வசிக்கும் கார்த்திக்கின் கல்யாணச் செய்தியைத் தாங்கிக்கொள்கிற கதை. ஒரே வீட்டில் இருந்தும் உரிமை கோர ஒரு சொல்கூட இல்லாத நிலையை அத்தனை நிதானமாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

இனி நாவல்கள். வாடகைக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் புத்தகம் சச்சின் குண்டல்கரின் ‘கோபால்ட் புளூ’. மராத்தியில் 2006, ஜெர்ரி பிண்டோவின் ஆங்கிலத்தில் 2013. வீட்டில் ஒரு அறைக்கு வாடகைக்கு வரும் இளைஞனிடம் அண்ணன் தனயும் தங்கை அனுஜாவும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் மனதைக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் பாதி அண்ணன் குரல், இரண்டாம் பாதி தங்கையின் நாட்குறிப்பு. முடித்தவுடன் தனய் பகுதியை மறுபடி படியுங்கள். முதல்முறை அழகாகத் தெரிந்த பல வரிகள் வலிக்கும். தங்கை அழலாம், ஓடிப்போகலாம், வீடே அவளைச் சுற்றி நிற்கும். அண்ணனுடைய துக்கத்துக்கு அந்த வீட்டில் இடமே இல்லை. எழுத்தாளரே இயக்கிய படம் கதையைக் கேரளத்துக்குக் கொண்டுபோய்விட்டது. கண்ணுக்கு அழகு, ஆனால் நடுத்தர மராத்தி வீட்டின் புழுக்கம் அதில் இல்லை.

ஷெஹான் கருணாதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்தா’ 2022-இல் புக்கர் வாங்கியது. 2020-இல் இந்தியாவில் வேறு தலைப்பில் வந்த நாவலைத் திருத்தி எழுதிய வடிவம் அது. 1990 கொழும்பு, போர்ப் புகைப்படக்காரன் மாலி செத்துப்போய்விட்டான், தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க ஏழு நிலவு, அதாவது ஏழு இரவு, அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பேய்களும் பெயர்களும் முதல் ஐம்பது பக்கம் மூச்சுமுட்டும். அதற்கு என் வழி: அரசியல் பெயர்கள் பிடிபடாவிட்டாலும் நிற்காமல் போய்விடுங்கள், மாலி, டிடி, ஜாக்கி மூவரும் இருக்கும் வீட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டிடியின் அப்பா தமிழர், அமைச்சர். அவர் தயவில்தான் அந்த வீடு. வெளியாருக்கு மூன்று நண்பர்கள், உள்ளே மாலியும் டிடியும் காதலர்கள். மாலி உண்மையாக இருந்தவனும் இல்லை. சூதாடுகிறான், டிடிக்குத் துரோகம் செய்கிறான். அவனை நல்லவனாகக் காட்டித்தான் நம் அனுதாபத்தை வாங்க வேண்டும் என்று கருணாதிலக நினைக்கவில்லை. இதற்காகவே இந்த நாவலை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதற்கு முன்போ பின்போ ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ கட்டாயம். 1994-இல் வந்தது, இப்போதும் புதிதாக இருக்கிறது. பாட்டி வீட்டில் சேலை சுற்றிக் கல்யாணப்பெண்ணாக விளையாடும் அர்ஜி என்ற தமிழ்ச் சிறுவனில் ஆரம்பித்து, இலங்கையின் 1983 இனக் கலவரத்தில் முடிகிறது. ஆறு கதைகளாகப் பிரிந்திருப்பதால் வாசிப்பு வட்டத்துக்கு மிகவும் வசதி. பள்ளி மேடையில் ஒப்பிக்க வேண்டிய ஆங்கிலக் கவிதையை அர்ஜி வேண்டுமென்றே குழப்பும் பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். ஷெஹான் என்ற சிங்களப் பையனுக்காகச் செய்வது அது, தமிழ்ப் பெரியவர்கள் அவனிடம் எதிர்பார்த்ததற்கு எதிராகவும் செய்வது. இனமும் காதலும் ஒன்றையொன்று இழுப்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. வாடகைக் கேள்வியை இங்கே கேட்டால், எரிந்துபோகும் வீட்டில் நிற்கிறீர்கள்.

புலம்பெயர் வீடுகளுக்குள் போக எஸ்.ஜே. சிந்துவின் ‘மேரேஜ் ஆஃப் எ தௌசண்ட் லைஸ்’. பாஸ்டன் பக்கம் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண் லக்கி. அவளும் தன்பாலீர்ப்பாளர், அவள் கணவன் கிருஷ்ணாவும் அப்படியே. இரு வீட்டார் வாயையும் அடைக்கச் செய்துகொண்ட கல்யாணம். நம் ஊரிலும் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் நடக்கின்றன, அதை ஒரு உபாயமாக மட்டும் பேசுகிறார்கள். அந்த உபாயத்துக்கு மாதாமாதம் என்ன விலை என்று இந்த நாவல் கணக்குப் பார்க்கிறது. ஆங்கிலம் எளிது, அம்மா பாத்திரம் அச்சு அசலாக நம் அம்மா. சிந்துவின் அடுத்த நாவல் ‘புளூ-ஸ்கின்ட் காட்ஸ்’ தமிழ்நாட்டு ஆசிரமத்தில் நீலத் தோலோடு பிறந்து கடவுளாக்கப்படும் கல்கியின் கதை. ஆசிரமப் பகுதி பிரமாதம். நியூயார்க்குக்குப் போனபின் எனக்குப் பிடி தளர்ந்துவிட்டது.

டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் ‘யங் மங்கோ’வைப் பற்றி எச்சரிக்கையோடு சொல்கிறேன். கிளாஸ்கோ நகரத்து ஏழைக் குடியிருப்பு, புராட்டஸ்டன்ட் மங்கோவும் கத்தோலிக்க ஜேம்ஸும், புறாக்கூண்டில் வளரும் நேசம். அந்தப் பகுதிகள் எனக்கு மிகவும் நெருக்கமானவை. ஆனால் பையனை ஆம்பிளையாக்கச் சொல்லி அம்மா இரண்டு அந்நிய ஆண்களோடு மீன்பிடிக்க அனுப்பும் கதை இணையாக ஓடுகிறது. அதில் பாலியல் வன்முறை இருக்கிறது. கார்மென் மரியா மச்சாடோவின் ‘இன் தி ட்ரீம் ஹவுஸ்’ நினைவுக்குறிப்பும் அப்படித்தான்: இரு பெண்கள் வாழும் வீட்டுக்குள் ஒருத்தி மற்றவளைச் சிதைப்பது. நம்மைப் பற்றி வெளியே கெட்ட பேர் வந்துவிடுமே என்று நாம் மூடி வைக்கும் விஷயத்தை அவர் துண்டு துண்டான அத்தியாயங்களில் திறந்து வைக்கிறார். இத்தகைய நூலை வட்டத்தில் எடுத்தால், எந்தப் பகுதியில் என்ன வருகிறது என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். விரும்பாதவர் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டு வரலாம், காரணம் கேட்கக் கூடாது. ஒரே மூச்சில் படிக்கவும் வேண்டாம்.

கட்டுரை நூலில் ஒன்றே ஒன்று என்றால் ஷான் ஃபேயின் ‘தி டிரான்ஸ்ஜெண்டர் இஷ்யூ’. பிரிட்டனைப் பற்றியது, 2021-இல் வந்தது. அடையாள விவாதத்தில் சுற்றிக்கொண்டிருக்காமல் வேலை, வீடு, மருத்துவமனை, சிறை என்று நேராகப் போகிறார். ரேவதிக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’யை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பார்கள். 1990-களில் ஒரு வெகுஜன எழுத்தாளர் அத்தனை பரிவோடு திருநங்கைகளைப் பற்றி எழுதியது பெரிய காரியம். தன்வரலாறுகளுக்குப் பிறகு படியுங்கள், அப்போது அந்தப் பரிவு வெளியிலிருந்து பார்க்கும் பரிவு என்பது தானாகத் தெரியும்.

வீட்டில் புத்தகம் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு: மின்னூலாக வாங்கினால் நூலகப் பட்டியலை மறைத்துவைக்கும் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், குடும்பத்தில் பகிரும் கணக்கில் வாங்காதீர்கள். அச்சுப் புத்தகம் என்றால் அட்டை போட்டுவிடுங்கள், பள்ளிப் புத்தகத்துக்குப் போடுகிற பழுப்பு அட்டையே போதும். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் 2018-இல் தொடங்கிய குயர் இலக்கிய விழாவுக்கு ஒருமுறை போய்வரலாம். எழுதுகிறவர்களை நேரில் கேட்பது வேறு அனுபவம்.

வட்டம் தொடங்க நான்கு பேர் போதும். எங்கள் மொட்டைமாடிக் கூட்டத்தில் யாரும் தன்னை யார் என்று சொல்ல வேண்டியதில்லை, மற்றவரைக் கேட்கவும் கூடாது. படம் எடுப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவின் பெயர் வெறும் ‘மாலை வாசிப்பு’. பேசும்போதும், பிறகு எழுதும்போதும் ‘துணிச்சலான முயற்சி’ என்ற பாராட்டை விலக்கிவிடுங்கள். மொழி எப்படி, கட்டமைப்பு எப்படி, எங்கே இழுக்கிறது என்று மற்றப் புத்தகத்துக்குச் சொல்வதையே இதற்கும் சொல்லுங்கள். திருநங்கையின் சிறுவயதுப் பகுதியைச் சுருக்கிச் சொல்லும்போதும் ‘அவள்’, ‘அவர்’ என்றே சொல்லுங்கள், பழைய பெயரைத் தோண்டி எடுக்க வேண்டாம்.

அம்மா அப்பாவிடம் கொடுக்க ஒரு புத்தகம் கேட்டால், ‘நான், சரவணன் வித்யா’வைக் கொடுக்கச் சொல்வேன். சின்னப் புத்தகம், படிப்பும் வேலையும் பற்றிய கவலை எந்தப் பெற்றோருக்கும் உடனே புரியும். உங்களைப் பற்றிச் சொல்லத் தயாராக இல்லையென்றால், கையில் கொடுக்காமல், அவர்கள் படிக்கும் வாரப் பத்திரிகைகளுக்கு நடுவில் வைத்துவிடுங்கள். படித்தார்களா என்று விசாரிக்க வேண்டாம். அவர்களாகப் பேச்செடுத்தால், வித்யாவைப் பற்றி மட்டும் பேசுங்கள். பேச்சு உங்கள் பக்கம் திரும்புகிற அன்றைக்கு, ராத்தங்க ஒரு தோழி வீட்டை முன்பே சொல்லி வைத்திருங்கள்.