எழுபதுக்குப் பின் மரதன்: திருகோணமலையிலிருந்து ஆயத்தமாகும் முறை

கனடாவில் வாழ்ந்த எட் விட்லொக் 2003 ஆம் ஆண்டு, தமது 72 ஆவது வயதில், 42.195 கிலோமீற்றர் மரதனை 2 மணி 59 நிமிடம் 10 செக்கனில் ஓடி முடித்தார். எழுபதைக் கடந்த ஒருவர் அத்தூரத்தை மூன்று மணித்தியாலத்துக்குள் ஓடியது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு அந்த நேரத்தை அவரே 2:54:48 ஆகக் குறைத்தார். அவருக்குப் பயிற்சியாளரும் இல்லை, விசேட உணவுத் திட்டமும் இல்லை. வீட்டுக்கு அருகிலிருந்த மயானத்தின் உட்பாதையில், சுற்றுகளை எண்ணாமல் கடிகாரத்தை மட்டும் பார்த்தபடி, சில நாள்களில் மூன்று மணித்தியாலம் வரையும் மெதுவாக ஓடுவதே அவரது பயிற்சியாக இருந்தது. முழங்கால் நோவு வந்தால் மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு மறுபடி மெதுவாகத் தொடங்குவார். அவருடைய வேகம் நமக்குக் கைகூடாது. ஒரு கிலோமீற்றருக்கு 4 நிமிடம் 9 செக்கன் என்பது இளைஞர் பலருக்கே எட்டாத வேகம். ஆனால் தூரத்தை மறந்து நேரத்தை ஓடுவதையும், உடம்பு மறுத்தால் தயங்காமல் ஓய்வதையும் யாரும் பின்பற்றலாம். இங்கே சொல்லப்படும் முறை அந்த இரண்டையும் அடிப்படையாகக் கொண்டது.

முதல் வேலை வைத்தியரிடம் போவதுதான். கிளினிக் கொப்பியையும் பாவிக்கும் குளிசைகளையும் கையில் கொண்டுபோய், 'நான் மரதன் ஓடப் பழகப் போகிறேன்' என்று நேராகவே சொல்ல வேண்டும். 'கொஞ்சம் நடக்கப் போகிறேன்' என்று மழுப்பினால் கிடைக்கும் பதிலும் நடைக்கு மட்டுமே பொருந்தும். ஈசிஜியும், முடிந்தால் நடைப் பொறியில் நடக்கவைத்து எடுக்கும் இதயப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. பிரஷருக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒரு வகை இதயத் துடிப்பைத் தாழ்த்தியே வைத்திருக்கும். அதைப் பாவிப்பவர் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை நம்பி ஓடக் கூடாது. சிறுநீர் அதிகம் போகச் செய்யும் குளிசையோ, இன்சுலின் போன்று சீனியைச் சடுதியாக இறக்கக்கூடிய மருந்தோ எடுப்பவர், எந்த வேளையில் எடுத்துவிட்டு எப்போது ஓடுவது என்பதையும் கேட்டறிய வேண்டும். நோவுக் குளிசையை விழுங்கிவிட்டு நீண்ட தூரம் ஓடும் பழக்கம் அறவே வேண்டாம். வியர்த்து நீர் குறைந்த உடம்பில் அவ்வகை மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

திருகோணமலையில் நேரமும் காற்றும்தான் பயிற்சியைத் தீர்மானிக்கின்றன. மே முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்றில் காலை எட்டு மணிக்கே உடம்பு வற்றத் தொடங்கிவிடும். எனவே விடியப்புறம் நாலரைக்குப் புறப்பட்டு ஏழு மணிக்கு முன் வீடு திரும்புவது நல்லது. வயது கூடக் கூடத் தாகம் எடுக்கும் உணர்வு மங்கும் என்பதைப் படித்து அறிந்திருந்தும் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் நிலாவெளிப் பக்கம் ஓடிவிட்டுத் திரும்பிச் சாம்பல்தீவை அடையும்போது, தாகமே தெரியாத நிலையில், கண் இருண்டு வீதியோரக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு தாகத்தைக் கேட்பதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நாலைந்து மிடறு குடிக்கிறேன். இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்துபோகும். உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ ஜீவனிக் கரைசலோ கைவசம் இருக்கட்டும். ஓடுவதற்கு முன்னும் ஓடி வந்த பின்னும் நிறையைப் பார்ப்பது எளிய சோதனை: ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் குடித்தது போதவில்லை, நிறை கூடியிருந்தால் குடித்தது மிகை.

இடத்தைப் பொறுத்தவரை நமக்குக் குறையில்லை. உப்புவெளி வழியாக நிலாவெளி போகும் வீதி மட்டமானது. நீண்ட ஓட்டத்துக்கு அதுவே ஏற்றது. இருட்டில் எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் வலப்பக்கமாக ஓடுங்கள். கையில் ஒரு டோர்ச்சும் இருக்கட்டும், வீதியில் படுத்திருக்கும் மாடு இருட்டில் தெரியாது. ஏற்றத்துக்குப் பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரையுள்ள பாதை இருக்கிறது. அங்கே ஏறும்போது ஓடலாம், இறங்கும்போது நடக்க வேண்டும், ஏனெனில் இறக்கத்தில்தான் முழங்காலும் தொடைத் தசையும் அடிபடுகின்றன. கோட்டைக்குள் மான்கள் திடீரெனக் குறுக்கே பாயும் என்பதையும் நினைவில் கொள்க. கடற்கரை மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லதென்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அலை நனைத்த இறுகிய மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். அதில் ஒரே திசையில் ஐந்து கிலோமீற்றர் ஓடினால் ஒரு பக்க இடுப்பு நொந்துபோகும்.

முற்றிலும் புதிதாகத் தொடங்குபவர் முதல் மூன்று மாதமும் நடக்கட்டும், வாரத்தில் ஐந்து நாள், நாற்பது நிமிடம். அது இலகுவானதும் நாலு நிமிட நடை, ஒரு நிமிட ஓட்டம் என்று மாற்றி, ஓட்டத்தின் பங்கை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவருடன் முழு வசனமாகப் பேச முடிய வேண்டும். சொல் துண்டாகி மூச்சு முந்தினால் அது கூடிய வேகம். வாரத்தில் ஒரு நாளை நீண்ட ஓட்டத்துக்கு ஒதுக்கி, அதனை ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் கூட்டி, ஒவ்வொரு நான்காவது வாரத்திலும் பாதியாகக் குறைக்க வேண்டும். அந்தக் குறைப்பைப் பலர் பஞ்சி என்று எண்ணித் தவிர்க்கிறார்கள். ஆனால் எழுபது வயதுத் தசை தன்னைச் செப்பனிட எடுக்கும் காலம் இளமையில் எடுத்ததைவிட நீண்டது. அது செப்பனிடப்படுவது அந்த ஓய்வு வாரத்தில்தான். நீண்ட ஓட்டம் மூன்றரை மணித்தியாலத்தைத் தொட்டால் போதும், அன்று நாலரைக்கும் முன்னரே புறப்பட வேண்டிவரும். நடையிலிருந்து அந்த இடத்துக்கு வர ஒரு வருடம் ஆகலாம், அவசரம் வேண்டாம்.

ஓட்டம் மட்டும் போதாது. வயதோடு முதலில் கரைவது விரைவாகச் சுருங்கும் தசை நார்கள்தாம். மெதுவான ஓட்டம் அவற்றைத் தொடுவதே இல்லை. ஆகவே வாரத்தில் இரு நாள், கையூன்றாமல் கதிரையிலிருந்து பன்னிரண்டு தடவை எழும்புவதும், படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை உயர்த்தி மூன்று எண்ணும் வரை மெல்லத் தாழ்த்துவதும், இரு கையிலும் தண்ணீர்க் கான்களைத் தூக்கி வளவைச் சுற்றி நடப்பதும் செய்யப்பட வேண்டும். குதிகால் பயிற்சியை விட்டுவிட்டால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் நோ வரக்கூடும். உணவில் புரதம் குறையக் கூடாது: உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.2 கிராம், அதுவும் மூன்று வேளைக்கும் பங்கிட்டு. சிறுநீரக நோயுள்ளவர் இந்த அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். காலையில் தேங்காய்ப்பூவோடு பிட்டை மட்டும் சாப்பிடும் நம் வழக்கத்தில் அவித்த பயறோ முட்டையோ மீனோ சேர்ந்தால் கணக்குச் சரியாகும்.

போட்டியைத் தெரிவு செய்யும்போது எத்தனை மணித்தியாலத்தில் பாதையை மூடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். ஆறு மணித்தியாலம் என்றால் கிலோமீற்றருக்கு 8 நிமிடம் 32 செக்கன். வேகநடையும் ஓட்டமும் கலந்தால் எட்டக்கூடியது. முதல் பத்துக் கிலோமீற்றரில் உடம்பு கேட்பதைவிட மெதுவாகப் போங்கள். அங்கே மிச்சம் பிடித்த ஒவ்வொரு நிமிடமும் முப்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகு உதவும்.

சாதனை வரை நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்கரான ஜீன் டைக்ஸ் 2018 டிசம்பரில் 70 வயதில் 2:54:23 இல் ஓடி விட்லொக்கை 25 செக்கனால் முந்தினார். ஆனால் அந்தப் போட்டி அந்நாட்டு மெய்வல்லுநர் அமைப்பின் அங்கீகாரம் பெறாதது என்பதால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை. 2022 இல் நெதர்லாந்தின் யோ ஸ்கோன்புரூட் 71 வயதில் ஓடிய 2:54:19 தான் சாதனையாக விட்லொக்கின் நேரத்தைக் கடந்தது. பெண்களில் ஜீனி ரைஸ் 71 வயதில், 2019 இல் பெர்லினில், 3:24:48 இல் ஓடினார். நமக்கு அருகில் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி எழுபதைக் கடந்த பின் 2023 இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்றதையும் நாம் பார்த்தோம். ஆகவே போட்டி அங்கீகாரம் பெற்றதா, பாதை முறைப்படி அளக்கப்பட்டதா, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான இறக்கம் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றருக்குள் அடங்குகிறதா என்பவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் உறுதிப்படுத்துங்கள். மூத்தோர் பிரிவுகள் 70–74, 75–79 என ஐந்தைந்து ஆண்டாகப் பிரிக்கப்படுகின்றன. போட்டி நாளன்று உள்ள வயதே கணக்கு. அந்த வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இடப்பெயர்வில் அதைத் தொலைத்தவர்கள் நம்மில் ஏராளம் என்பதால், பதிவுக்கு ஓரிரு மாதம் முன்னரே பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பித்து, அதிலுள்ள திகதியும் அடையாள அட்டையிலுள்ள திகதியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.