புது பட்ஜெட் போன் வாங்கும்போது மலைக்காரர்கள் செய்யும் தவறுகள்

சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாலை, கீழ்கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் என் கடைக்கு வந்தார். கையில் பெட்டியோடு புது போன். வாங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. “அண்ணா, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் போட்டிருந்தாங்க, பையன் காட்டுனான். ஆனா வீட்டுக்குள்ள போனா டவரே எடுக்க மாட்டேங்குது” என்றார். வாங்கிச் சோதித்துப் பார்த்தேன், செட்டில் ஒரு குறையும் இல்லை. கடையில் உட்கார்ந்து பேசினால் தெளிவாகக் கேட்கிறது. அவர் இருக்கும் லைன் வீடுகள் சரிவின் மறுபக்கம், அவ்வளவுதான் விஷயம். ஆன்லைனில் வாங்கியது, திருப்பிக் கொடுக்கும் 7 நாளும் முடிந்துவிட்டது.

கோத்தகிரியில் பதினோரு வருடமாக செல்போன் சர்வீஸ் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு புது போன் வந்ததும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதல் வாரம் எல்லாரும் புகழ்வார்கள் அல்லது திட்டுவார்கள், அதைப் படித்துவிட்டு இங்கே ஆர்டர் போடுவார்கள், மூன்று மாதம் கழித்து என் மேஜைக்கு வரும். அந்தக் கருத்துகளைப் பொய் என்று நான் சொல்லவில்லை. சென்னையிலோ திருப்பூரிலோ டவருக்குக் கீழே உட்கார்ந்து எழுதியவருக்கு அது உண்மைதான். அவருடைய ஊர், அவருடைய கை, அவருடைய சம்பளத்துக்குச் சரியாக இருந்ததை நம்முடையதாக எடுத்துக்கொள்வதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் நட்சத்திரத்தைப் பார்க்கும் பழக்கம். ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பாதிப் பேர் “நேத்துதான் வந்துச்சு, சூப்பர்” என்று எழுதியிருப்பார்கள், ஒரு நட்சத்திரம் போட்டவருக்குக் கூரியர் தாமதமாகியிருக்கும் அல்லது பெட்டி நசுங்கியிருக்கும். இரண்டுமே போனைப் பற்றியவை இல்லை. இன்னொன்று, 4 ஜிபி மாடலுக்கும் 8 ஜிபி மாடலுக்கும் சேர்த்து ஒரே பக்கத்தில்தான் கருத்துகள் கிடக்கும், 8 ஜிபி வாங்கியவர் “ஹேங்கே ஆகல” என்று எழுதியதைப் படித்துவிட்டு நாம் 4 ஜிபி வாங்கிவிடுவோம். காசு வாங்கிக்கொண்டு எழுதும் ரிவியூக்களைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலையே கொண்டுவந்தது, ஆனால் அதைப் பின்பற்றுவது கட்டாயமாக்கப்படவில்லை. அதனால் நாமேதான் சலித்துப் பார்க்க வேண்டும். நான் பார்ப்பது மூன்று நட்சத்திரக் கருத்துகளை, அதிலும் வாங்கி இரண்டு மூன்று மாதம் ஆனவர்கள் எழுதியதை. அவர்களுக்குப் போனின் நல்லதும் தெரிந்திருக்கும், கெட்டதும் தெரிந்திருக்கும். அங்கே “சிக்னல்”, “சூடு”, “அப்டேட்டுக்கு அப்புறம்” என்ற வார்த்தைகளைத் தேடுங்கள்.

அடுத்தது விலை. அறிமுக நாளில் பெரிய எழுத்தில் சொல்லும் விலை, மிகக் குறைந்த மெமரி மாடலின் விலை, அதிலும் குறிப்பிட்ட வங்கியின் கார்டு தள்ளுபடியைக் கழித்த பிறகு வரும் விலை. எஸ்டேட்டில் வேலை செய்யும் எத்தனை பேரிடம் அந்த கார்டு இருக்கிறது? கார்டு இல்லாதவருக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல், வேண்டிய மெமரிக்கு இன்னொரு ஆயிரம், சார்ஜர் பெட்டிக்குள் இல்லை என்றால் அதற்குத் தனியாக. “இந்த விலைக்கு இவ்வளவா” என்று எழுதியவர் கொடுத்த விலையை நாம் கொடுக்கப்போவதில்லை, அதனால் அந்தப் பாராட்டும் நமக்குப் பொருந்தாது.

தவணையில் வாங்குகிறவர்கள் மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். 2021 நவம்பரில் ஜியோபோன் நெக்ஸ்ட் வந்தபோது ஊர் முழுக்க 1,999 ரூபாய் போன் என்றுதான் பேச்சு. முழு விலை 6,499. தவணையில் எடுத்தால் முதலில் 1,999, செயல்முறைக் கட்டணம் 501, அப்புறம் ஒரு திட்டத்தில் மாதம் 300 ரூபாய் வீதம் 24 மாதம். கூட்டினால் 9,700 ரூபாய். அந்தத் தொகைக்குள்ளேயே மாதாமாதம் டேட்டாவும் பேசும் நிமிடமும் சேர்ந்தே வந்தன, அதனால் அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாங்கியவர் மனதில் இருந்த எண் 1,999 மட்டும்தான். இப்போது ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்கிறார்கள். பூஜ்ய வட்டித் தவணை என்ற முறையை ரிசர்வ் வங்கி 2013-லேயே கூடாது என்று சொல்லிவிட்டது, அதனால் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது, அந்த வட்டி அளவுக்கு விற்பவர் தள்ளுபடி கொடுக்கிறார். மிஞ்சுவது அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டியும் வங்கியின் கட்டணமும், அவை நம் தலையில். கடையில் ஃபைனான்ஸில் எடுத்தால் சிலர் போனுக்குள் ஒரு பூட்டும் ஆப் போட்டுத் தருவதுண்டு, தவணை தவறினால் போன் பூட்டிக்கொள்ளும். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத மாதங்களில் இப்படிப் பூட்டிய போனைத் திறந்து தரச் சொல்லி வருகிறார்கள். அதை என்னால் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது.

“கொஞ்ச நாள் பொறுத்தா விலை இறங்கும்” என்ற எண்ணமும் இப்போது அவ்வளவு சரியில்லை. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியைக் குறைத்தபோது பெரிய டிவிக்குக் குறைந்தது, போனுக்கு 2020-லிருந்து இருக்கும் அதே 18% தொடர்ந்தது. மெமரி சிப் விலையும் அந்த வருடக் கடைசியில் ஏறத் தொடங்கிவிட்டது.

சரி, இப்போது டவர். மலையில் போன் வாங்குகிறவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படிக்க வேண்டும்.

5ஜி என்று பெட்டியில் போட்டிருந்தால் எல்லா சிம்மிலும் 5ஜி வரும் என்று நினைப்பது பெரிய தவறு. 5ஜி இரண்டு விதமாக ஓடுகிறது. எஸ்ஏ என்றால் 5ஜி தனக்கென்று முழு நெட்வொர்க் வைத்துக்கொண்டு தனியாக நிற்பது, என்எஸ்ஏ என்றால் ஏற்கெனவே இருக்கும் 4ஜியின் தோளில் ஏறி ஓடுவது. ஜியோ தொடக்கத்திலிருந்தே எஸ்ஏ, ஏர்டெல் தொடங்கியது என்எஸ்ஏ. 2024 நவம்பரில் ரெட்மி ஏ4 5ஜி 8,499 ரூபாயில் அறிமுகமானபோது அதில் எஸ்ஏ மட்டும்தான் இருந்தது. ஜியோ சிம் வைத்திருந்தவருக்கு அது மலிவான 5ஜி போன், ஏர்டெல்லின் என்எஸ்ஏ 5ஜிக்கு அது வெறும் 4ஜி போன். ஒரே போனைப் பற்றி இரண்டு பேர் நேரெதிராக எழுதினால் இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதைவிட முக்கியம் பேண்ட், அதாவது போன் எந்தெந்த அலைவரிசையில் டவரோடு பேசும் என்பது. 3500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் 5ஜி வேகமானது, ஆனால் ஒரு மேடு, ஒரு சில்வர் ஓக் வரிசை, ஒரு கல் சுவர் குறுக்கே வந்தால் துவண்டுவிடும். 700, 850, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் வேகம் குறைவு, ஆனால் சரிவைச் சுற்றி வளைந்து வரும், சுவரையும் தாண்டி உள்ளே வரும். மஞ்சூரிலோ பந்தலூரிலோ அடுப்படிக்குள் ஒரு கோடு சிக்னல் வருகிறது என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். ஆகவே போனின் விவரப் பட்டியலில் 4ஜி பேண்ட் 5 (850), 8 (900), 28 (700) இருக்கின்றனவா என்று பாருங்கள். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 28 மிக அவசியம், அது 700 மெகாஹெர்ட்ஸ். சில மலிவு மாடல்களில் இது விடுபட்டிருக்கும், சமவெளியில் எழுதும் யாரும் அதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது தேவைப்படுவதே இல்லை. வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங் வசதியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், டவர் எடுக்காத வீட்டில் அதுதான் பேச வைக்கும்.

வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டில் எந்த சிம் உள்ளறையில் எடுக்கிறது என்று கேளுங்கள். ஒரு விஷயம், மே மாதம் சோதிக்காதீர்கள். சீசனில் ஊட்டி, குன்னூர் டவர்கள் எல்லாம் திணறும், எந்தப் போனும் மோசமாகத்தான் தெரியும்.

இதோடு சேர்ந்ததுதான் பேட்டரிப் புகாரும். “5000 எம்ஏஎச், ரெண்டு நாள் நிக்குது” என்று எழுதியிருப்பார்கள், இங்கே சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். சிக்னல் குறைந்த இடத்தில் போன் தன் முழு சக்தியையும் போட்டு டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், பேட்டரி அதில்தான் கரைகிறது. குளிர் இன்னொரு காரணம். போன்களை 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தத்தான் பல நிறுவனங்கள் சொல்கின்றன. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாவில் உறைபனி விழும் காலையில் பைக்கின் முன்பையில் வைத்த போன் 20% காட்டிக்கொண்டே அணைந்துபோகும், உள்பாக்கெட்டில் வைத்திருந்தால் அணையாது. சில்லிட்ட போனை அடுப்படிக்குள் கொண்டுவந்ததும் சார்ஜ் போடுவதையும் தயவுசெய்து விடுங்கள். குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் நீர் கோத்துக்கொள்வது போலத்தான் சார்ஜிங் ஜாக்கிலும் ஈரம் கோக்கும். அரை மணி நேரம் சும்மா வைத்தால் போதும். நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், அந்த மாவுத்தூளை ஜாக்கிலிருந்து நான்தான் ஊசி வைத்து எடுக்கிறேன்.

மழைக்கு ஐபி எண்ணைப் பார்க்க வேண்டும், தூசியையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. ஐபி52 என்றால் மேலிருந்து சொட்டும் துளிகளைத் தாங்கும், ஐபி54 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். பட்ஜெட் போனில் இந்த இரண்டும் சாதாரணமாகக் கிடைக்கும், எதுவும் போடாத போனும் கிடைக்கும். மழை கொட்டும் தேவாலாவில் இருக்கும் ஒருவருக்கு கேமராவைவிட இந்த எண் முக்கியம் என்பேன். எந்த எண் போட்டிருந்தாலும் உள்ளே தண்ணீர் போனால் வாரண்டி பெரும்பாலும் கிடையாது.

கைரேகை விஷயத்தை எந்த ரிவியூவிலும் நான் பார்த்ததில்லை. வருடக்கணக்கில் கொழுந்து பறித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும், கறையும் வெடிப்பும் இருக்கும். ஊரெல்லாம் வேகமாகத் திறக்கிறது என்று பாராட்டும் சென்சார் அந்த விரலை அடையாளமே காணாது. அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் அம்மாவையே கடைக்குக் கூட்டிப்போய் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திறக்கவில்லையென்றால் எளிய எண் பூட்டைப் பழக்கிவிடுங்கள், பூட்டே இல்லாமல் விட்டுவிடாதீர்கள், அதில் பணம் அனுப்பும் ஆப்பும் இருக்கும்.

மெமரியில் “8 ஜிபி + 8 ஜிபி” என்று போட்டிருந்தால் இரண்டாவது 8 சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது, சேமிப்பிடம் மெதுவான இஎம்எம்சி வகையாக இருந்தால் இன்னும் மோசம். அதைவிட வேகமான யுஎஃப்எஸ் 2.2 வகைச் சேமிப்பிடம் என்று போட்டிருப்பதை எடுங்கள், ஆறு மாதம் கழித்து வித்தியாசம் தெரியும். 64 ஜிபியில் சிஸ்டமே நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும், வாட்ஸ்அப் வீடியோ மீதியை நிரப்பும். கேமராவில் 50 மெகாபிக்சல் என்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், நான்கு புள்ளியை ஒன்றாக்கிப் பெரும்பாலும் 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கும்.

யாரும் கேட்காத கேள்வி, டிஸ்ப்ளே உடைந்தால் எவ்வளவு என்பது. போன வருடம் ஒரு டிரைவரின் புது மாடல் போனை டிஸ்ப்ளே மாற்ற அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே அனுப்பினேன், கோயம்புத்தூர் போய்த் திரும்பி வர இருபத்தாறு நாள் ஆனது, போன் விலையில் பாதி செலவு. அதுவரை அந்த டிரைவர் வேலைக்கு அழைப்பு இல்லாமல் தவித்தார். புது மாடலுக்கு வெளியே காம்போ, அதாவது டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த பாகம், கிடைக்க மாதக்கணக்காகும். அதனால் வெளிவந்து நான்கைந்து மாதம் ஆன, பலர் வாங்கிய மாடலை எடுங்கள். உதிரி பாகமும் கிடைக்கும், உண்மையான கருத்துகளும் வந்திருக்கும்.

பழைய போனோ பெட்டி திறந்த போனோ வாங்கினால் *#06# அடித்து ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணை எடுத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். திருட்டு போன் என்று முடக்கப்பட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். சொன்ன வசதி போனில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் பில்தான் கேட்பார்கள்.

அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டில் யார் சிம் உள்ளே எடுக்கிறது என்று கேட்டேன். பிஎஸ்என்எல் எடுக்கிறது என்றார். அவர் போனில் பேண்ட் 28 இருந்தது, நல்லவேளை. அதே எண்ணில் மாற 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் கொடுத்தேன். பழைய சிம் வாங்கி 90 நாள் தாண்டியிருந்ததால் தடையில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார், பின்னால் குக்கர் விசில் கேட்டது. “அண்ணா, அடுப்படியிலிருந்துதான் பேசறேன்.”