சார்பின் வரைபடத்தை நகர்த்தும்போது சறுக்கும் இடங்கள்

y = x² வரைபடம் கையில் இருக்கிறது. y = (x − 3)² எங்கே போகும்? கழித்தல் குறியைப் பார்த்ததும் இடப்பக்கம் 3 என்று எழுதிவிடுபவர்கள் மேல்நிலை வகுப்புகளிலும் நிறைய உண்டு. ‘அடைப்புக்குள் இருந்தால் எல்லாம் தலைகீழ்’ என்று மனப்பாடம் செய்தால் இந்தக் கணக்கில் தப்பிக்கலாம், அடுத்ததில் மாட்டிக்கொள்வோம். காரணம் எளிது. வர்க்கச் சார்பு 0-ஐத் தருவது அடைப்புக்குள் 0 வரும்போதுதான். x − 3 = 0 ஆக வேண்டுமென்றால் x = 3. ஆகவே பரவளையத்தின் முனை வலப்பக்கம் (3, 0)-க்கு நகர்கிறது. f எந்தச் சார்பானாலும் f(2x) வரைபடம் அகலாமல் பாதியாகச் சுருங்குவதும் இதனால்தான்: அடைப்புக்குள் பழைய 4 கிடைக்க இப்போது x = 2 போதும்.

அடைப்புக்கு வெளியே இந்தக் குழப்பம் இல்லை. f(x) + 3 என்றால் விடை வந்த பிறகு 3 கூடுகிறது, வரைபடம் மேலே போகிறது.

உண்மையான சிக்கல் f(2x − 6) போன்றவற்றில். ‘பாதியாகச் சுருக்கு, வலப்பக்கம் 6 நகர்த்து’ என்று செய்தால் தவறு. சுருக்கிய பின் கிடைப்பது f(2x). அதை 6 நகர்த்த x இருக்கும் இடத்தில் x − 6 போட வேண்டும். f(2x − 12) வந்துவிடும். சரியான வழிகள் இரண்டு: முதலில் வலப்பக்கம் 6 நகர்த்திப் பிறகு சுருக்கலாம், அல்லது 2-ஐப் பொதுவாக வெளியே எடுத்து f(2(x − 3)) என எழுதி, சுருக்கிய பின் 3 மட்டும் நகர்த்தலாம். இரண்டாவதே நல்லது, நகர்வு கண்ணுக்கு நேராகத் தெரியும். சைன்(2x − π/3) கேட்டால் நகர்வை π/3 என்று எழுதி மதிப்பெண் இழப்பதும் இதே தவறுதான், நகர்வு π/6.

சரிபார்க்க ஒரு புள்ளி போதும். y = √x மீது (4, 2) இருக்கிறது. y = √(2x − 6)-க்கு 2x − 6 = 4 என்று தீர்த்தால் x = 5. புதிய வரைபடம் (5, 2) வழியே போகாவிட்டால் எங்கோ பிழை.

சோதனைக்கு √x-ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. பயிற்சியை x²-இல் தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் அது பிழைகளை மறைத்துவிடும் சார்பு. x-க்குப் பதில் −x போட்டால் அதில் ஒன்றும் மாறாது. (2x)² என்பதும் 4x² என்பதும் ஒன்றே என்பதால், கிடைமட்டமாக 2 மடங்கு சுருக்குவதற்கும் செங்குத்தாக 4 மடங்கு நீட்டுவதற்கும் வேறுபாடு தெரியாது. √x ஒருபக்கமாகவே இருப்பதால் திசை தவறினால் உடனே காட்டிக்கொடுக்கும். √(3 − x) வரைந்து பாருங்கள்: y-அச்சில் பிரதிபலித்து, வலப்பக்கம் 3 நகர்த்த வேண்டும். பிரதிபலித்த பிறகு இடப்பக்கம் நகர்த்தினால் கிடைப்பது √(−x − 3). அதன் சார்பகம், அதாவது x ஏற்கக்கூடிய மதிப்புகள், x ≤ −3. கேட்டதற்கோ x ≤ 3. சார்பகத்தை மட்டும் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

வெளியே உள்ள எண்களுக்கும் வரிசை உண்டு. 2f(x) + 3 என்றால் முதலில் 2 மடங்கு நீட்டி, பிறகு 3 ஏற்றுவது. மாற்றிச் செய்தால் 2f(x) + 6 ஆகிவிடும். f(x) = √x எனக் கொண்டால், (4, 2) போக வேண்டிய இடம் (4, 7); தவறான வரிசையில் (4, 10). செங்குத்தாக நீட்டும்போது முனையைப் பிடித்துக்கொண்டு கைகளை மட்டும் ஒடுக்கமாக வரைவது இன்னொரு பழக்கம். y = x² − 4-ஐ 2 மடங்காக்கினால் முனை (0, −8)-க்கு இறங்கும்; அசையாமல் நிற்பவை x-அச்சை வெட்டும் ±2 புள்ளிகள்தான்.

மட்டுக்குறி (குறையெண்ணை மிகையாக்கும் | |) எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். f(x) = x − 2 என்றால் |f(x)| என்பது |x − 2|: x-அச்சுக்குக் கீழே உள்ள பகுதி மேலே மடிகிறது, முனை (2, 0). f(|x|) என்பது |x| − 2: y-அச்சுக்கு இடப்பக்கம் உள்ளதை அழித்துவிட்டு வலப்பக்கத்தை அங்கே பிரதிபலிக்க வேண்டும், முனை (0, −2).

y = 1/(x − 2) + 3 போன்றவற்றில் வளைவரையை நகர்த்திவிட்டு, அது நெருங்கிக்கொண்டே போகும் தொலைத்தொடுகோடுகளை அச்சுகளிலேயே விட்டுவிடுவார்கள். முதலில் x = 2, y = 3 என்ற கோடுகளைப் புள்ளிக்கோடாகப் போட்டுவிட்டு, வளைவரையைப் பிறகு வரையுங்கள்.

சில நேரம் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லி, இருவர் விடையும் சரியாக இருக்கும். y = 2ˣ⁺³ வரைபடத்தை இடப்பக்கம் 3 நகர்ந்தது என்றும் சொல்லலாம், செங்குத்தாக 8 மடங்கு நீண்டது என்றும் சொல்லலாம், ஏனென்றால் 2ˣ⁺³ = 8 · 2ˣ. அங்கே பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.