நாலு பேர் குறிப்பை நாலால் வகுத்தால் ஒரு ஆள் சாப்பாடு வராது

தனியாகச் சமைக்கத் தொடங்கும் எல்லோரும் முதலில் போடுகிற கணக்கு ஒன்றுதான். நாலு பேருக்கு எழுதிய குறிப்பு, எல்லாவற்றையும் நாலால் வகுத்துவிட்டால் ஒருவருக்கு ஆயிற்று. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அரை கப் அரிசியை இருந்ததிலேயே பெரிய பாத்திரத்தில் போட்டு, தண்ணீரையும் கறாராக வகுத்து ஊற்றி, அடியில் கருகி மேலே நறுக்கென்று கடிபடும் சோற்றைத் தின்றேன். அரிசிதான் சரியில்லை என்று அடுத்த வாரம் வேறு அரிசி வாங்கினேன். அதுவும் அப்படியே வந்தது.

கோளாறு அரிசியில் இல்லை, வகுத்ததில்தான். அரிசி உறிஞ்சுகிற தண்ணீர் அரிசியின் அளவைப் பொறுத்தது, அது ஒழுங்காக வகுபடும். ஆவியாகப் போகிற தண்ணீர் அப்படி இல்லை; பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் கொதிக்கிறது, மூடி எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்துத்தான் அது போகும், சாப்பிடப் போவது ஒரு ஆளா நாலு ஆளா என்பது அதற்குத் தெரியாது. அதே பாத்திரத்தில் வைத்தால் நாலு பேர் சோற்றிலிருந்து எவ்வளவு ஆவியாகுமோ ஏறக்குறைய அவ்வளவு உங்கள் அரை கப்பிலிருந்தும் போய்விடும். அதனால் அளவைக் குறைத்தால் பாத்திரத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், தண்ணீரை வகுத்து வந்த கணக்கைவிடக் கொஞ்சம் தாராளமாக ஊற்ற வேண்டும். சூப், பாஸ்தா சாஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நேரமும் வகுபடாது. கொதிக்கிற தண்ணீரில் ஒரு உருளைக்கிழங்கு வேகும் நேரம் அதன் பருமனைப் பொறுத்தது, பக்கத்தில் இன்னும் மூன்று கிழங்கு கிடக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல. குறிப்பில் 20 நிமிடம் என்று இருந்தால் உங்களுக்கும் 20 நிமிடம்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று இருக்கிறது. கழுவ ஒரே ஒரு சட்டிதான் மிஞ்ச வேண்டும் என்ற ஆசையில் (அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்) சின்ன வாணலியில் காளான், வெங்காயம், கிழங்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டுவது. காய்கறி சிவந்து மணம் வர அதன் மேல்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியசைத் தொட வேண்டும். தண்ணீர் நின்றுகொண்டிருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. நெருக்கியடித்துப் போட்டால் காய்கள் விடுகிற தண்ணீர் வெளியேற இடமில்லாமல் அங்கேயே கொதிக்கிறது, நீங்கள் வறுப்பதாக நினைத்துக்கொண்டு அவித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு தடவையாகப் போட்டு எடுங்கள், கிழங்கை நறுக்கிக் கழுவினால் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டுப் போடுங்கள். உப்பைக் கடைசியில் போட்டாலும் தண்ணீர் விடுவது குறையும்.

சரி, எவ்வளவு சுருக்கினாலும் மிஞ்சத்தான் செய்யும். தனி ஆள் சமையலில் பாதி என்பது நேற்றையதைச் சாப்பிடுவதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உடம்பைப் படுக்க வைக்கிற தவறுகள் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான், அதிலும் சோற்றில். இரவு வைத்த சோறு அடுப்பின் மேலேயே கிடக்கிறது, காலையில் எழுந்து நன்றாகச் சூடு பண்ணிவிட்டால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்று நினைக்கிறோம். செத்துவிடும்தான், ஆனால் அதற்குள் அது விட்டுப்போனது சாகாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம், அவை கொதிக்கிற தண்ணீரையும் தாங்கும். சோறு அறைச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும், வாந்தியெடுக்க வைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாசனையும் மாறியிருக்காது, ருசியும் மாறியிருக்காது. வேகவைத்த பாஸ்தாவுக்கும் இது பொருந்தும்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், சோறு என்றால் அதைவிடச் சீக்கிரம். பாத்திரத்தோடு அப்படியே தூக்கி வைத்தால் நடுப்பகுதி ஆறவே பல மணி நேரம் ஆகும், அதனால் தட்டையான டப்பாக்களில் பிரித்துப் போடுங்கள். ஃபிரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும், சோற்றை மட்டும் மறுநாளே முடித்துவிடுவது நல்லது. எந்த டப்பா எந்த நாள் என்று எனக்கு ஒருபோதும் நினைவிருந்ததில்லை, அதனால் டப்பா மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதி எழுதுகிறேன். நாலு நாளில் தீராது என்று முதல் நாளே தெரிந்தால் முதல் நாளே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். நாலாவது நாள் பயந்துபோய் வைப்பதில் பயனில்லை. ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று தட்டையாக வையுங்கள், மொத்தமாக ஒரே கட்டியாக உறைந்துவிட்டால் ஒரு ஆள் பசிக்கு முழுக் கட்டியையும் உருக்க வேண்டி வரும்.

சூடாக்கும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் அலைகள் உணவுக்குள் 2, 3 சென்டிமீட்டர் ஆழம்தான் நன்றாக இறங்கும், நடுவில் இருப்பது ஓரத்திலிருந்து பரவுகிற சூட்டில்தான் காய வேண்டும். ஓரம் நாக்கைச் சுட்டு நடு ஜில்லென்று இருப்பது அதனால்தான். பாதியில் நிறுத்திக் கிளறிவிட்டு, முடிந்ததும் ஒரு நிமிடம் அப்படியே விட்டு எடுங்கள். எல்லாப் பக்கமும் ஆவி பறக்க வேண்டும், நடுப்பகுதியும் 74 டிகிரியைத் தொட்டால் கவலை இல்லை. அவித்த முட்டையை முழுசாக அதில் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே அடைபட்ட ஆவி, வெளியே எடுத்துக் கடிக்கும் அந்த நொடியில்கூட வெடிக்கும்.

அப்புறம் ரொட்டி. ஒரு ஆளுக்கு ஒரு பாக்கெட் ரொட்டி தீராது, உடனே ஃபிரிட்ஜில் வைக்கிறோம். பூஞ்சை சீக்கிரம் வராது, உண்மைதான். ஆனால் ஃபிரிட்ஜ் குளிரில்தான் ரொட்டியின் மாவுச்சத்து மிக வேகமாக இறுகும், வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் அட்டையாகிவிடும். இரண்டு நாளைக்கு வேண்டியதை வெளியே வைத்துவிட்டு மீதியைத் துண்டு துண்டாக ஃபிரீசரில் வையுங்கள், டோஸ்டரிலோ கல்லிலோ நேராகப் போட்டால் புதுசுபோல் வரும். பூஞ்சை வந்த துண்டைக் கிள்ளிவிட்டு மற்றதைத் தின்னாதீர்கள், கண்ணுக்குத் தெரியும் பச்சைக்கு அப்பாலும் அதன் இழைகள் ஓடியிருக்கும். வேகவைக்காத உருளைக்கிழங்கையும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், குளிரில் மாவு சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும்.

தினமும் பூண்டு உரிக்கச் சோம்பல் என்று மொத்தமாக உரித்து எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்கும் யோசனை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். காற்றுப்படாத இடத்தில் வளரும் பாட்டுலிசம் கிருமிக்கு அது பிடித்தமான வீடு, அதன் நச்சு ஆளையே கொல்லக்கூடியது, அதற்கும் வாசனை கிடையாது. செய்தே ஆகவேண்டும் என்றால் உடனே ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீருங்கள்.

இன்னொன்று ராஜ்மா. மலிவு, சத்து, வயிறு நிறையும், தனியாக இருப்பவர்களுக்கு நல்ல துணை. ஆனால் அரைவேக்காடு ஆகாது. அந்தச் சிவப்புப் பயற்றில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம், நாலைந்து பயறு பச்சையாகத் தின்றாலே சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று கொண்டுவந்து நிறுத்தலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 10 நிமிடமாவது, அரை மணி என்றால் இன்னும் நிம்மதி, கொதிக்கவிட்டு அதற்குப் பிறகுதான் தணலைக் குறைக்க வேண்டும். மெல்லிய சூட்டில் நாள் முழுக்கச் சமைக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போடுவதுதான் பெரிய தவறு, கொதிநிலையை எட்டாத இளஞ்சூட்டில் நச்சு குறைவதற்குப் பதில் கூடவும் கூடும். டின்னில் வருவது ஏற்கனவே வெந்தது, அதில் இந்தத் தொல்லை இல்லை.

எண்ணெய் காயவைத்துவிட்டு ஒரு நிமிடம் என்று போனை எடுப்பது எல்லோரும் செய்வதுதான். கூட ஆள் இருக்கும் வீட்டில் யாராவது அடுப்பை அணைப்பார்கள், உங்கள் வீட்டில் அந்த யாராவது நீங்கள்தான். எண்ணெய் புகைய ஆரம்பித்தால் அணைத்துவிட்டுக் காத்திருங்கள். தீப்பிடித்தே விட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும், எரிகிற எண்ணெயைச் சுவர் வரை தூக்கியடிக்கும். அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு, சட்டியை நகர்த்தாமல் விட்டுவிட வேண்டும். அதனால் எண்ணெய் வைக்கும் முன்பே மூடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கொறிப்பதற்கு வருவோம். பாப்கார்ன் வீட்டில் செய்தால் பாதி பொரியாமல் நிற்கிறது என்பவர்கள் பெரும்பாலும் சோளத்தைத் திறந்த பையில் வைத்திருப்பவர்கள். சோள மணிக்குள் ஏறக்குறைய 14 சதவீதம் ஈரம் இருந்தால்தான் அது 180 டிகிரி அளவில் ஆவியாகித் தோலைக் கிழிக்கும், காய்ந்துபோன மணி வெறுமனே கருகும். இறுக்கமான டப்பாவில் வையுங்கள். எண்ணெயில் மூன்று மணியைப் போட்டு, மூன்றும் வெடித்த பிறகு மற்றதைப் போடுங்கள், மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள், ஆவி உள்ளேயே நின்றால் பொரி நமத்துவிடும்.

கடைசியாக இன்ஸ்டன்ட் நூடுல்ஸ். சாப்பிடாதீர்கள் என்று சொல்லப் போவதில்லை, நானே சாப்பிடுகிறேன். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஏறக்குறைய ஒரு சின்னக் கரண்டி. பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் அதில் எவ்வளவு பங்கு இந்த ஒரு வேளையிலேயே போகிறது என்று தெரியும், அதில் பெரும்பகுதி அந்தப் பொடியில்தான் இருக்கிறது. பாதிப் பொடி மட்டும் போட்டு, கொதிக்கும்போதே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, கையில் இருக்கும் கீரையையோ கேரட்டையோ அள்ளிப் போட்டு இறக்குங்கள். மீதிப் பொடியைத் தூக்கிப் போட வேண்டாம், மடித்து வைத்து மறுநாள் அந்தப் பாப்கார்ன் மேல் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள்.