ஓவனை ஆவியால் சுத்தம் செய்வது எப்படி?

ஸ்டீம் கிளீன் பட்டனை அழுத்தி, முடிந்ததும் கதவைத் திறந்து பார்த்தால் கறை அங்கேயே இருக்கும். "இது சும்மா விளம்பரத்துக்கு வைத்தது" என்று பலர் அதோடு அந்தப் பட்டனை மறந்துவிடுகிறார்கள். ஆவி கறையை ஊறவைத்துத்தான் தரும், துடைத்து எடுப்பது நம் வேலை. அடிப்பிடித்த பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி வைப்பது போலத்தான்.

பொங்கி வழிந்த பால், மாவு, சீஸ், சர்க்கரைப் பாகு, புதிதாகத் தெறித்த எண்ணெய் எல்லாம் இதற்கு அடங்கும். மாவும் சர்க்கரையும் ஈரத்தை இழுத்து இளகும், எண்ணெய் சூட்டில் நெகிழும். ஆனால் பலமுறை 200 டிகிரியில் வெந்து வெந்து, வார்னிஷ் அடித்தாற்போல் பழுப்பாக இறுகிய எண்ணெய்ப் பிசுக்குக்குள் தண்ணீர் இறங்காது. ஸ்டீம் கிளீன் ஓடுவது பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டித்தான். கறையைச் சாம்பலாக்கும் பைரோலிட்டிக் முறை 450 டிகிரிக்கு மேல் போகும். அது வேறு வேலை, அதற்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஓவன் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூடான அடித்தளத்தில் தண்ணீர் பட்டால் ஆவி குபீரென்று முகத்தில் அடிக்கும், எனாமல் பூச்சும் விரிசல் விடலாம். ட்ரே, கம்பித் தட்டு, கழற்ற முடிந்தால் பக்கவாட்டுக் கம்பிகள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அடியில் அலுமினியத் தாள் விரித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். உதிர்ந்த துணுக்குகளைக் கூட்டி எடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் சேறாகிவிடும்.

அடித்தளத்தின் நடுவில் உள்ள பள்ளத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். மாடலைப் பொறுத்து 150 முதல் 400 மி.லி. வரை கேட்கும். கையேட்டில் உள்ள அளவைத் தாண்ட வேண்டாம். கூடினால் கதவுப் பக்கம் வழியும். குறைந்தால் பாதியிலேயே வற்றி, இளகிய கறை மறுபடி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கையேடு அனுமதித்தால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விடலாம். கூடுதலாக விட்டால் நுரை கட்டிச் சுவரெல்லாம் கோடு விழும். தனித் தண்ணீர் டேங்க் உள்ள மாடலில் டேங்கில் தண்ணீர் மட்டும்தான், சோப்பு கூடாது. எலுமிச்சை, வினிகர் சேர்ப்பதும் தேவையில்லை. சூடான எனாமலை அமிலம் மங்கவைக்கும்.

அடித்தளம் நன்றாக ஊறும், சுவர்கள் அவ்வளவாக ஊறாது. அதனால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் சுவரிலும் கதவின் உட்புறக் கண்ணாடியிலும் முன்கூட்டியே தெளித்துவிடுங்கள். பின்பக்க ஃபேன் துளை, பல்பு, ஹீட்டர் கம்பி ஆகியவற்றின் மேல் மட்டும் வேண்டாம்.

பல மாடல்களில் 20 முதல் 30 நிமிடத்தில் முடியும். நடுவில் திறந்தால் ஆவி போய்விடும், மொத்தமும் வீண். முடிந்ததும் சற்று ஒதுங்கி நின்று கதவைத் திறங்கள். கை வைக்கக்கூடிய வெதுவெதுப்பு வரை காத்திருங்கள், அதற்கு மேல் வேண்டாம். முழுக்க ஆறவிட்டால் கொழுப்பு மறுபடி உறைந்துவிடும். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

மேலிருந்து கீழே துடைத்து வாருங்கள்: கூரை, சுவர், கண்ணாடி, கடைசியில் அடித்தளம். ஸ்பாஞ்சைப் பள்ளத்துத் தண்ணீரில் நனைத்துப் பின்சுவரின் கீழ் மூலையில் தேய்த்தால், பழுப்பு நிறக் கூழாக உருண்டு வரும். வராத இடத்தில் பிளாஸ்டிக் ஸ்கிராப்பரைப் படுக்கவைத்துத் தள்ளுங்கள். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் எனாமலில் கீறல் விழும், அடுத்த கறை அந்தக் கீறலில்தான் பிடிக்கும். கதவின் ஓரத்து கேஸ்கட்டை ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்க வேண்டாம்.

அதற்கும் அசையாத பிசுக்குக்கு மூன்று பங்கு சமையல் சோடாவில் ஒரு பங்கு தண்ணீர் குழைத்துப் பூசி, இரவு முழுக்க விட்டு, காலையில் ஈரத் துணியால் துடையுங்கள். வெள்ளையாகப் படிந்து நின்றால் நீர்த்த வினிகர் துணி போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்தால் பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். சோடா பட்டால் அலுமினியம் கறுக்கும். சமைக்கும் சூட்டிலேயே எண்ணெய்ப் பிசுக்கை எரிக்கும் சொரசொரப்பான கேட்டலிட்டிக் தகடுகள் உள்ள ஓவனில் அந்தத் தகடுகளைத் தொடவே வேண்டாம். சோடாவும் சோப்பும் அவற்றின் நுண்துளைகளை அடைத்துவிடும். காஸ்டிக் கலந்த ஓவன் கிளீனர் அடித்த ஓவனில், அதைத் துளிகூட மிச்சமில்லாமல் துடைத்த பிறகே ஆவி போட வேண்டும்.

பள்ளத்தில் வெள்ளை வளையம் தெரிந்தால் அது உப்புத் தண்ணீரின் படிவு. ஓவன் ஆறிய பின் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து 10 நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரில் துடைத்துவிடுங்கள்.

கடைசியில் துணியால் ஈரத்தை ஒற்றி, கதவைத் திறந்தே ஒரு மணி நேரம் விடுங்கள். ஈரத்தோடு மூடினால் திருகுகளிலும் கம்பி ஓரங்களிலும் துரு ஏறும். கண்ணாடிகளுக்கு இடையே தெரியும் கோடுகளுக்கு ஆவி எட்டாது. அதற்குக் கதவைக் கழற்ற வேண்டும். முதலில் கீல்களின் பூட்டைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங் விசையில் கீல் படாரென்று மடங்கி விரலை நசுக்கிவிடும்.