உப்புக்காற்றில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்: திருகோணமலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு காலை நிலாவெளி வரை ஓர் ஓட்டம், பிறகு ஆறு நாள் கொட்டகைக்குள் ஓய்வு. மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா எம்ஆர்-எஸ், ஹொண்டா எஸ்2000 போன்ற இரண்டு இருக்கைக் கார்களின் பிழைப்பு பெரும்பாலும் இப்படித்தான். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்த ஆறு நாள் ஆறு வாரமாகும். இப்படி நிற்கிற கார் பழுதானால் கவனிக்காமல் விட்டதால் வந்தது என்று நினைப்போம். பாதிக் கேடு அக்கறையோடு செய்கிற வேலைகளால்தான் வருகிறது.

அதில் முதலிடம், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஸ்ரார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓடவிடுவதற்கு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த ஆவி சைலன்சரைக் கடந்து போய்விடும். ஐந்து நிமிடத்தில் சைலன்சர் சூடேறாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகத் தேங்கி, உட்புறத்திலிருந்து கறள் பிடிக்கும். அதே நீர் எஞ்சின் ஒயிலுக்குள்ளும் சேரும். ஒயில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் பால்தேநீர் நிறத்தில் பசை படிந்திருக்கிறதா? பெரும்பாலும் காரணம் இதுதான். (எஞ்சினின் மேற்பகுதிக்கு அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கட் போனாலும் இப்படி வரும்; எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் மட்டம் இறங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.) குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகப் பாய்வதால் ஸ்பார்க் பிளக்கும் கரி பிடிக்கும். பற்றரியோ, ஸ்ராற்றருக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவதற்குள் எஞ்சின் நின்றுவிடும்.

சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். அது கூலன்டின் சூடு. ஒயில் உரிய சூட்டுக்கு வர மேலும் பத்து நிமிடமாவது வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம், 25 முதல் 30 கிலோமீற்றர், எல்லாக் கியரும் மாற்றி ஓட்டுங்கள். ஏசியையும் பத்து நிமிடம் போடுங்கள். கொம்பிரசர் சீல்களுக்கு ஒயில் போய்ச்சேர அதுவே வழி. இதற்கு நேரமில்லை என்றால் ஸ்ரார்ட் பண்ணாமலே விடுவது மேல்.

எந்தப் பக்கம் ஓட்டுகிறீர்கள் என்பதும் பார்க்க வேண்டியது. நிலாவெளி வீதியில் போய் வந்த கார் உப்பைப் பூசிக்கொண்டுதான் வரும். நெடுநாள் நிறுத்திவைக்கும் முன் கடைசி ஓட்டத்தை ஏ12 வீதியில் பன்குளம் பக்கமாகவோ, ஏ6 வீதியில் கந்தளாய்ப் பக்கமாகவோ வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுமுன் வீடு திரும்புங்கள். கந்தளாய்க்கு அப்பால் யானை, நகருக்குள் மான். தரையோடு தரையாக ஓடுகிற காருக்கு இரண்டுமே ஆகாது.

உப்பு வேலை செய்கிற விதத்தைப் புரிந்துகொண்டால் மற்றத் தவறுகள் பலவும் தானாகவே விளங்கும். காய்ந்த உப்பு இரும்பை அதிகம் தின்னாது. நனைந்த உப்புத்தான் தின்னும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே மழை பெய்யாவிட்டாலும், கார் ஈரமில்லாமல் இருப்பதுபோலத் தெரிந்தாலும், உப்புவெளியிலோ டச்சுக்குடாப் பக்கத்திலோ அடித்தட்டில் படிந்த உப்பு இரவுதோறும் நனைந்துகொண்டேயிருக்கும்.

இங்கேதான் கழுவுவதில் வரும் தவறு. கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அந்தத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட்டால், நீர் போய் உப்பு தங்கும். கழுவாமல் விட்டதைவிட மோசம். வாயில் வைத்துப் பார்த்தால் கரிக்கிற தண்ணீர் காருக்கு வேண்டாம். குழாய்நீரால் கழுவுங்கள். அது தட்டுப்பாடென்றால் கடைசி அலசலுக்காவது இரண்டு வாளி குழாய்நீரை ஒதுக்கி வையுங்கள். மினுங்கும் பொனற்றில் அரை மணி நேரம் செலவழித்துவிட்டு, சில்லுக்கு மேலுள்ள வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் சில், அடித்தட்டு, கதவின் அடி விளிம்பில் உள்ள வடிதுளைகள் ஆகியவற்றை மறந்துவிடுகிறோம். கறள் தொடங்குவது அங்கேதான். கழுவியதும் அப்படியே கொட்டகைக்குள் தள்ளாமல் பத்து நிமிடம் ஓட்டி, சில தடவை பிரேக் அழுத்தி, டிஸ்க்குகளைக் காயவைத்த பிறகு நிறுத்துங்கள்.

சேர்விஸ் நிலையத்தில் அடித்தட்டுக்குப் பழைய எஞ்சின் ஒயிலும் டீசலும் கலந்து அடிக்கச் சொல்வோர் உண்டு. கறள் பிடிக்காது என்ற நம்பிக்கை. கழிவு ஒயிலில் அமிலமும் கரியும் இருக்கும். சஸ்பென்சன் புஷ்களின் இரப்பர் அதில் ஊறி உப்பி மெதுவாகிவிடும்; செம்மண் தூசியும் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே பிடித்த கறளின்மேல் தார் போன்ற தடித்த பூச்சு அடிப்பது இன்னும் பெரிய பிழை. பூச்சுக்குப் பின்னால் ஈரம் அடைபட்டு, ஒருநாள் விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போகும். கறளைச் சுரண்டி, பிரைமர் அடித்து, கதவடிச் சில்லின் உட்குழிகளுக்கு மெழுகு வகைக் காப்புத் தெளிப்பான் விடுவதே சரியான வழி.

தறப்பாள் போட்டு மூடுவது? வெளியே நிற்கும் காருக்கு வேண்டவே வேண்டாம். பிளாஸ்ரிக் தறப்பாளுக்குள் தரையின் ஈரம் ஏறி, பகலில் அவிந்து, இரவில் நீர்த்துளியாக வழியும். ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் அது படபடவென்று அடிக்கும்போது உள்ளே சிக்கிய மணல் பெயின்றை அரம்போல உராயும். காற்றுப் புகும் துணி உறையை, கழுவித் துடைத்த காரின்மேல், கூரைக்குக் கீழே மட்டும் போடுங்கள். வேப்பமர நிழலும் நல்ல இடமல்ல. பிசினும் காக்கை எச்சமும் பெயின்றில் காய்ந்தால் இந்த வெயிலில் சில மணி நேரத்திலேயே தழும்பாகிவிடும். தென்னைக்குக் கீழே நிறுத்துவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கொட்டகைத் தரை சீமெந்து என்பதால் ஈரமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு மீற்றர் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஒருநாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கட்டியிருந்தால் தரை ஈரத்தைக் கக்குகிறது. கார் நிற்கும் பரப்பு முழுவதும் தடித்த பொலித்தீன் விரிக்க வேண்டும். தகரக் கூரையென்றால் சுவரின் மேலும் கீழும் காற்றுப் போக வழி விடுங்கள். உரமூட்டை, நெல்மூட்டை, ஈரவலை எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. நெல் இருந்தால் எலி வரும். எலி வந்தால் வயர் போகும்.

மடிக்கும் துணிக் கூரை (ஹூட்) உள்ள கார்களுக்கு ஒரு தனி ஆபத்து. எம்எக்ஸ்-5 இன் முதலிரண்டு தலைமுறைகளில் ஹூட்டில் வழியும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள வடிகுழாய்களால் கீழே இறங்கும். வேப்பம்பூவும் சருகும் அதை அடைத்தால் நீர் காருக்குள்ளேயும் கதவடிச் சில்லுக்குள்ளும் தேங்கும். ஐப்பசி பிறக்குமுன் அரை லீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே வடிகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்ரிக் குச்சியால் மெல்லத் துழாவுங்கள். கம்பியால் குத்தினால் குழாய் கிழியும். ஹூட்டை ஈரத்தோடு மடிக்கக்கூடாது. ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். முதல் தலைமுறையில் பின் பிளாஸ்ரிக் கண்ணாடியின் சிப்பைத் திறந்து படுக்கவிட்ட பிறகே ஹூட்டை மடிக்க வேண்டும்.

பற்றரிக் கணக்கு எளிது. நிறுத்திய காரும் கடிகாரம், அலாரம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி (ஈசியூ) என்று சுமார் 50 மில்லி அம்பியர் வரை இழுக்கும். ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி, 30 நாளைக்கு 36. சிறிய காரின் பற்றரியே ஏறத்தாழ அவ்வளவுதான். கார் ஓடாமல் சில மணி நேரம் நின்றபின் மீற்றரில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.4 என்றால் சார்ஜ் செய்ய வேண்டும், 12.0 இல் நாள்கணக்காக விட்டால் தகடுகளில் சல்பேற்று இறுகும், பிறகு மீளாது. சாதாரண சார்ஜரை இரவுபகலாகக் கொழுவி விடுவது இன்னொரு தவறு, பற்றரித் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். நிரம்பியதும் தானாக 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கும் பராமரிப்புச் சார்ஜர் வாங்குங்கள். இல்லாவிட்டால் நெகற்றிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். முதலில் நெகற்றிவ், பூட்டும்போது அது கடைசி. எம்எக்ஸ்-5 இன் முதலிரண்டு தலைமுறைகளில் பற்றரி டிக்கிக்குள் இருக்கிறது. கையில் கிடைத்த பற்றரியை வைத்து அதன் வாயுவை வெளியே விடும் குழாயைப் பொருத்தாமல் விட்டால் அமில ஆவி டிக்கித் தகட்டைத் தின்றுவிடும்.

ஹாண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். உப்புக்காற்றில் பிரேக் பாட் டிஸ்க்கோடு ஒட்டிப்போகும். முதலாம் கியரில் விட்டு, முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயருக்கு வழமையான 26 முதல் 32 பிஎஸ்ஐக்கு மேல் ஐந்தாறு கூட்டலாம். டயர்ப் பக்கத்தில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டாமல். ஓட்டுமுன் குறைக்க மறவாதீர்கள். வார இறுதிக் காரின் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகும். பக்கத்தில் 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். டயர்ப் பூ எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் வெடிப்புப் பார்க்க வேண்டும், பத்து வருடம் கடந்ததைக் கழற்றி எறியுங்கள்.

கிலோமீற்றர் ஏறவில்லை என்று ஒயில்களைத் தள்ளிப்போடுவதும் வழக்கம். எஞ்சின் ஒயிலை நிறுத்திவைக்கும் முன்பே மாற்றுங்கள். பழைய ஒயிலின் அமிலம் பெயரிங்குகளில் மாதக்கணக்கில் ஊறக்கூடாது. பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை, நீர் 3.7 சதவீதம் சேர்ந்தபின் 155 பாகை வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு. கடலோரத்தில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் பிழையில்லை. இங்கே பனி உறைவதில்லை என்று ரேடியேற்றருக்குக் கிணற்றுநீர் ஊற்றுவது அலுமினிய எஞ்சினுக்கு நஞ்சு. கூலன்ட் உறைவதை மட்டும் தடுப்பதில்லை, அரிப்பையும் தடுக்கிறது. காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதியாகக் கலந்து விடுங்கள்.

பெற்றோல் தாங்கியை நிரப்பி வையுங்கள், பம்ப் தானாக நின்றபின் கழுத்துவரை திணிக்காமல். மூன்று மாதத்துக்கு மேல் நிற்குமென்றால் பெற்றோல் கெடாமல் காக்கும் நிலைநிறுத்தி மருந்தைக் கலந்து, அது இன்ஜெக்டர் வரை போகப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். 2022 எரிபொருள் வரிசைகளுக்குப் பின் கானில் பெற்றோல் சேர்த்துவைக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது காருக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது.

எலிக்காகப் புகைக்குழாயில் இரும்புப் பஞ்சு செருகினால் மறந்துவிடாமல் இருக்க ஸ்ரியறிங்கில் ஒரு கடதாசி கட்டுங்கள். மீண்டும் எடுக்கும் நாளில் பஞ்சை அகற்றி, எயார் பில்ற்றர் பெட்டிக்குள் கூடு ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, டயர்க் காற்றைக் குறைத்து, பிரேக் மிதியை நான்கைந்து தடவை அழுத்திப் பாருங்கள். மிதி இறங்கிக்கொண்டே போனால் கட்டையை எடுக்க வேண்டாம்.