ரோமர் 4-ஐப் படிக்க ஒரு வழி

பைபிளில் பவுல் ரோமாபுரி விசுவாசிகளுக்கு எழுதிய கடிதமான ரோமரின் 4-ஆம் அதிகாரத்தைத் தனியாகப் படிக்காதீர்கள், பக்கத்தில் பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தையும் திறந்து வையுங்கள். முதலில் 15:6. ஆபிராம் (பிற்பாடு ஆபிரகாம்) கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். அப்புறம் 16:16, மகன் இஸ்மவேல் பிறந்தபோது ஆபிராமுக்கு 86 வயது. 17:24, அவனுக்கு விருத்தசேதனம் (ஆணின் நுனித்தோலை நீக்கும் உடன்படிக்கை அடையாளம்) நடந்தபோது 99. இந்த வயதுகளை ஓரத்தில் எழுதிப் பாருங்கள், விருத்தசேதனத்துக்குக் குறைந்தது 13 வருஷம் முன்னாடியே, உடம்பில் அந்த அடையாளமே இல்லாத ஒரு மனுஷனை, சொன்ன வார்த்தையை நம்பினான் என்பதற்காக மட்டுமே தேவன் நீதிமானாக ஏற்றுக்கொண்டுவிட்டார்! எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துபோகும் இடம் இது. மோசே மூலம் வந்த சட்டமான நியாயப்பிரமாணமோ ஆபிராமுக்குத் தேவன் கொடுத்த வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷம் கழித்துத்தான் வந்தது (கலாத்தியர் 3:17). சரி, இப்போது ரோமர் 4:10-க்கு வாருங்கள்; அவன் நீதிமானாக எண்ணப்பட்டது "எப்பொழுது", விருத்தசேதனத்துக்கு முன்பா பின்பா என்று பவுல் கேட்பதற்குப் பதில் உங்கள் பென்சில் குறிப்பிலேயே இருக்கும்.